கெளுத்தி முள்ளுக்கு வெந்நீர்: எண்ணூர் முதல் காசிமேடு வரை ஒரு கோரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எண்ணூர் முகத்துவாரத்திலும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழிகளிலும் இறங்கித் தொழில் செய்கிறவர்களைக் கெளுத்தி முள் குத்துவது வழக்கமாகிப் போனதால், அது எங்கும் செய்தியாவதில்லை. மீனவர் குடும்பத்தில் பிறந்து, வடசென்னையின் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இந்தக் காயத்தைக் கரையிலும் பார்த்திருக்கிறேன், சிகிச்சை அறையிலும் பார்த்திருக்கிறேன். குத்துப்பட்ட கையையோ காலையோ தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் உடனே அமிழ்த்தி வைத்தால் வலி பெருமளவு தணியும் என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக இருந்து வரும் செய்தி. பெரிய செலவில்லாத அந்த முதலுதவி நம்முடைய மீன் இறங்குதளங்களிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடைமுறைக்கு வரவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். மீனைப் பற்றியும் அதன் நஞ்சைப் பற்றியும் விளக்காமல் வெந்நீர் என்று மட்டும் சொன்னால் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், கடிதம் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கெளுத்தி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் கழிமுகத்தில் நஞ்சு மிகுந்தது இருங்கெளுத்தி. பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் பிளோட்டோசஸ் கேனியஸ் என்ற பெயரில் இதை விவரித்தார். அந்த அறிவியல் பெயரே இன்றும் வழங்குகிறது. இந்தியக் கரைகளிலிருந்து கிழக்கே பப்புவா நியூகினி வரை, வெப்பமண்டலக் கழிமுகங்களிலும் காயல்களிலும் ஆறுகளின் கடைப்பகுதியிலும் இது வாழ்கிறது. தட்டையான தலையும் நான்கு இணை மீசைகளும் கொண்ட முன்பகுதியைப் பார்த்தால் கெளுத்தி என்று எளிதில் தெரிந்துவிடும். பின்பகுதியோ விலாங்கின் உடல்போல் நீண்டு ஒடுங்கியிருக்கும். இரண்டாவது முதுகுத் துடுப்பும் வாலும் அடித்துடுப்பும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பட்டையாக இணைந்திருக்கும். உடலில் செதிள் கிடையாது. ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடியது என்றாலும் வலையில் வருவது பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியதுதான்.

இந்த மீன் நீரின் அடித்தளத்தை விட்டு அதிகம் மேலே வருவதில்லை. கலங்கல் நீரில் சேற்றை ஒட்டியே திரிந்து, இறால், நண்டு, சிப்பி, சிறுமீன் ஆகியவற்றைத் தின்கிறது. கண்ணால் ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஒரு விடை, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானிய இனம் ஒன்றைப் பற்றி 2014இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் இருக்கிறது. சேற்றுக்குள் புதைந்திருக்கும் புழு மூச்சுவிடும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை மிக நுண்ணிய அளவில் மாறுகிறது; அந்த மாற்றத்தை மீன் தன் மீசைகளால் உணர்ந்து, இருட்டிலும் புழு இருக்கும் இடத்துக்கு நேராகச் சென்றுவிடுகிறது. கடல்நீரின் இயல்பான காரத்தன்மை குறையக் குறைய அந்த உணர்வு மழுங்கிவிடுவதையும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் கழிமுகத்தில் கலக்கும் கழிவுகள் நீரின் தன்மையை மாற்றும்போது, இவ்வளவு நுட்பமான உயிர்களின் வாழ்க்கையில் நாம் கைவைக்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

இருங்கெளுத்தியின் நெருங்கிய உறவான, உடலில் நீளவாக்கில் வெள்ளை வரிகள் ஓடும் சிறிய இனமும் நம் கடலில் உண்டு. அதன் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு ஒரே கூட்டமாக நகரும். அந்த இனம் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்ரேல் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது; 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தீங்கான அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த மீன் வந்து சேர்ந்து இரண்டு தலைமுறைகூட ஆகாத இஸ்ரேலில், அதன் முள் குத்தி நச்சுத் தகவல் மையத்தை அணுகியவர்களின் விவரங்களைத் தொகுத்து மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மீனோடு வாழும் நம் கரையில், நான் பணியாற்றிய இடங்கள் எதிலும் கெளுத்தி முள் காயத்துக்கென்று தனிப்பதிவு இருந்ததில்லை. பதிவேட்டில் அது ‘அடையாளம் தெரியாத கடி’ என்றோ ‘கூரிய பொருளால் ஏற்பட்ட காயம்’ என்றோதான் எழுதப்படும். நோயாளி தன்னைக் குத்திய மீனின் பெயரைத் தெளிவாகச் சொன்ன பிறகும் அப்படித்தான் எழுதினார்கள். பதிவில் இல்லாத காயத்துக்கு மருந்தும் ஒதுக்கப்படாது, பயிற்சியும் தரப்படாது.

இனி முள்ளைப் பற்றிச் சொல்கிறேன். கெளுத்தி இனங்களுக்கு முதுகுத் துடுப்பின் முன்னால் ஒன்றும், இரு மார்புத் துடுப்புகளின் முன்னால் ஒவ்வொன்றுமாக மூன்று கெட்டியான முட்கள் உண்டு. மீன் மிரளும்போது இவற்றை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட முள்ளை அழுத்தி மடக்க முடியாது, முறியத்தான் செய்யும். முள்ளின் ஓரங்களில் ரம்பப் பற்கள் இருக்கும். முள்ளை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்குள் நஞ்சு சுரக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. பாம்பின் பல்லைப்போல் நஞ்சைப் பீய்ச்சும் துளை எதுவும் இதில் இல்லை. முள் நம் சதைக்குள் புகும்போது அந்தத் தோல் கிழிகிறது, உயிரணுக்கள் உடைகின்றன, நஞ்சு காயத்தில் கலந்துவிடுகிறது. வெளியே இழுக்கும்போது ரம்பப் பற்கள் சதையை மேலும் கிழிப்பதால் நஞ்சு பரவுவதற்கு வழியும் அகலமாகிறது. மீன் உயிரோடு இருக்கவேண்டும் என்ற தேவையே இதில் இல்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். செத்த மீனின் முள்ளும், ஐஸ் பெட்டியில் கிடந்த மீனின் முள்ளும், ஒடித்து மணலில் எறிந்த முள்ளும் குத்தினால் கடுக்கத்தான் செய்யும்.

இந்த நஞ்சு புரதத்தால் ஆனது. கொல்கத்தா ஆய்வாளர்கள் 1990களில் இருங்கெளுத்தி முள்ளின் நஞ்சை ஆராய்ந்து, அதிலிருந்து பிரித்தெடுத்த புரதம் ஆய்வக விலங்குகளின் நரம்பு, தசை, இதயம் ஆகியவற்றைப் பாதிப்பதைக் காட்டினார்கள். மனிதர்களுக்கு ஒரு முள் குத்தில் உட்செல்லும் அளவு மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது; அந்த வகையில் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வலி சாதாரணமானதன்று. குத்திய நொடியிலேயே தீப்பட்டதுபோல் எரிந்து, விண்விண்ணென்று தெறித்து, கை முழுவதும் அல்லது தொடை வரை ஏறும். குத்திய இடம் முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சிவந்து வீங்கும். சிலருக்கு நெறி கட்டும், குமட்டல் வரும், வியர்த்துத் தலை சுற்றும். சில மணி நேரத்தில் அடங்குவதும் உண்டு, இரண்டு நாள் நீடிப்பதும் உண்டு. பிரசவ வலியைப் பொறுத்த பெண்கள் கெளுத்தி முள் குத்திக் கதறியதைப் பிரசவ வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்த நான் பார்த்திருக்கிறேன்.

குத்துப்படுகிறவர்கள் யார் என்பதைப் பார்த்தால் இதற்குக் கவனம் கிடைக்காததன் காரணமும் புரியும். வீச்சு வலையிலிருந்து மீனைப் பிரிக்கிறவர்கள், கூடையிலிருந்து மீனை வாரிக் கொட்டுகிறவர்கள், காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் அரைவெளிச்சத்தில் குவியலைத் தரம் பிரிக்கிறவர்கள், சந்தையில் அரிவாள்மனை முன் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கும் பெண்கள், கரையில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள் என்று எல்லோரும் இதில் அடக்கம். இவர்கள் எல்லோரையும்விட அதிகமாக அடிபடுகிறவர்கள், மார்பளவு நீரில் இறங்கி, பறி என்னும் சிறு கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் தடவும் இருளர் மக்கள், அதிலும் குறிப்பாகப் பெண்கள். இறாலுக்கும் கெளுத்திக்கும் ஒரே சேறுதான் வீடு. படகோ வலையோ வாங்க வசதியில்லாத அவர்களுக்குக் கைவிரல்களே கருவி. விரல்கள்தான் முதலில் முள்ளின் மேல் படுகின்றன. ஒரு விரல் வீங்கிவிட்டால் வாரம் முழுவதும் வருமானம் போய்விடுகிறது.

அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, ஒரு காலத்தில் படகில் போன இடங்களை இடுப்பளவு, முழங்காலளவு மேடாக்கிவிட்டது. படகில் இருந்தபடி வலை வீசிய இடத்தில் இப்போது இறங்கி நடந்துதான் படகைத் தள்ளவேண்டியிருக்கிறது. நடக்கும்போது கால், சேற்றில் கிடக்கும் மீனின்மேல் படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது நாடே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெரிய துன்பத்தைப் பற்றி எழுதவேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே நீரில் ஆண்டு முழுவதும் நடக்கும் இந்தச் சிறிய துன்பத்தையும் யாராவது எழுதவேண்டும் அல்லவா?

குத்திய பிறகு கரையில் நடப்பது இதுதான். காயத்துக்கு மேலே கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு வைக்கிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், பிளேடால் கீறி இரத்தத்தைப் பிழிகிறார்கள், சிலர் வாயால் உறிஞ்சுகிறார்கள், சிலர் தீக்குச்சி கொளுத்திக் காயத்தின் அருகே காட்டுகிறார்கள். கட்டுப் போடுவதால் நஞ்சு ஓரிடத்தில் தங்கித் திசு கெடுகிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலுக்கே ஆபத்து வரலாம். கீறுவதால் ஏற்கெனவே அசுத்த நீரில் உண்டான காயம் பெரிதாகிறது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்குகிறது. தீக்குச்சி காட்டுகிறவர்கள் சூடு உதவும் என்ற உண்மையின் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சூடு தோலைச் சுடுமே தவிர, ஆழத்தில் இருக்கும் நஞ்சை எட்டாது. இப்படிச் செய்கிறவர்களை அறியாதவர்கள் என்று இகழ எனக்கு மனமில்லை. சரியானது எது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

மருத்துவமனைக்கு வந்தால் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. விஷக்கடி என்று சொல்லிக்கொண்டு வருவதால் பாம்புக்கடி மருந்து போடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கு எதிராகக் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. மீன் நஞ்சுக்கு அது சிறிதும் பயன்படாது. தேவையின்றிப் போட்டால் கடுமையான ஒவ்வாமை வரலாம். கெளுத்தி நஞ்சுக்கென்று முறிமருந்து எதுவும் கிடையாது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கெளுத்தி வகை மீன்களில் குறைந்தது 1,250 இனங்களாவது நஞ்சுடையவையாக இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. இத்தனை இனங்களின் நஞ்சுக்கும் முறிமருந்து செய்வது நடக்கக்கூடியதன்று. வலியைத் தணிக்கும் எளிய வழி கையில் இருக்கும்போது அதற்கு அவசரமும் இல்லை.

அந்த எளிய வழியை விரிவாகச் சொல்கிறேன். இதைப் படிக்கும் ஒவ்வொரு மீனவர் வீட்டிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். குத்துப்பட்ட இடத்தை முதலில் சுத்தமான நீரால் கழுவி, கண்ணுக்குத் தெரிகிற, எளிதாக வரக்கூடிய முள் துண்டு இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு வாளியிலோ அகலப் பாத்திரத்திலோ 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள வெந்நீர் ஊற்றி, காயம் முழுவதும் மூழ்கும்படி வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், குளிக்கும் வெந்நீரைவிடச் சற்றே அதிகமான, ஆனால் கையை எடுத்துவிடத் தோன்றாத சூடு என்று கொள்ளலாம். இந்தச் சூட்டைக் குத்துப்படாத கையால், அல்லது உடனிருக்கும் இன்னொருவரின் கையால் பார்க்க வேண்டும். கடும் வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் நீரில் கையை விட்டு வெந்துபோய் வந்தவர்கள் உண்டு. நீர் ஆற ஆற, காயம்பட்ட கையை வெளியே எடுக்கச் செய்து, வெந்நீர் கலந்து, மறுபடி சூடு பார்த்து வைக்க வேண்டும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை, வலி அடங்கும்வரை இப்படி வைத்திருக்கலாம். வெளியே எடுத்தபின் வலி திரும்பினால் மீண்டும் வைக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இதை மிகவும் எச்சரிக்கையாக, உடன் ஒருவர் இருந்துதான் செய்ய வேண்டும்.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. நஞ்சிலுள்ள புரதங்கள் சூட்டில் சிதைந்து வலிமை இழக்கின்றன என்பது ஒன்று. சூடு, வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளின் செயலையே மாற்றுகிறது என்பது மற்றொன்று. இரண்டில் எது முதன்மையானது என்ற விவாதம் மருத்துவர்களுக்கு உரியது. திருக்கை முள்ளுக்கும் இதே முறைதான் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. நான் பணியாற்றிய ஓரிடத்தில், இதை அறிந்த ஒரு மருத்துவர் தேநீர்க் கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவரச் சொல்லிப் பயன்படுத்துவார். அவர் பணியில் இருந்த நாட்களில் கதறிக்கொண்டு வந்தவர்கள் வாளியில் கையை வைத்தபடியே பேசத் தொடங்கியதைப் பார்த்தேன். அவர் மாற்றலாகிப் போனதும் அந்த வழக்கமும் போய்விட்டது. தனியொருவரின் அக்கறையில் நிற்பது இப்படித்தான் முடியும் என்பதால், எழுத்தில் ஒரு விதிமுறையாக இது வரவேண்டும் என்கிறேன்.

வெந்நீரோடு வேலை முடிந்துவிடுவதில்லை. செவிலியராக என்னை அதிகம் வருத்தியது முதல் நாளின் வலியைவிட மூன்றாம் நாளின் புண்தான். முள் உள்ளே ஒடிந்து தங்கிவிடுவது அடிக்கடி நேர்வது. வெளியே வாய் மூடிக்கொண்டபின் உள்ளே சீழ் பிடிக்கும். முள் எலும்புத்தன்மை உடையதாகையால் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். சிறு துண்டு என்று ஐயம் இருந்தால் ஸ்கேன் செய்யலாம். டெட்டனஸ் ஊசி கட்டாயம் வேண்டும். வெதுவெதுப்பான உவர்நீரில் செழித்து வளரும் விப்ரியோ வகை நுண்ணுயிர்கள் இத்தகைய காயத்தின் வழியாக உடலில் புகக்கூடும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு அவை பெரும்பாலும் காயத்தோடு நின்றுவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும், குடியாலோ மஞ்சள் காமாலையாலோ கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஓரிரு நாளிலேயே கால் கருத்து, கொப்புளம் கிளம்பி, கிருமி இரத்தத்தில் ஏறி உயிருக்கே உலையாகலாம். சிவப்பு மேலே ஏறுவது, காய்ச்சல், கருநீலக் கொப்புளம், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி ஆகிய அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதற்கு ஸ்டான்லி மருத்துவமனைதான். கெளுத்தி முள்தானே, தானே ஆறிவிடும் என்று வீட்டில் இருந்து விரலையும் பாதத்தையும் இழந்தவர்களுக்குக் கட்டுப் போட்ட கைகள் இவை.

ஆகவே பொது சுகாதாரத் துறையையும், மீன்வளத் துறையையும், சென்னை மாநகராட்சியையும் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறேன். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பகுதிகளின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வெந்நீர்க் கெட்டில், இரண்டு வாளி, ஒரு வெப்பமானி ஆகியவை மீன் முள் காயத்துக்கென்றே வைக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. 108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். மீன் இறங்குதளங்களிலும் மீன் சந்தைகளிலும், செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் படம் வரைந்து தமிழில் பலகை வைக்க வேண்டும். அதைப் படிக்கத் தெரியாத மூதாட்டிகளும் புரிந்துகொள்ளும்படி படம் பெரிதாக இருக்கட்டும். காசிமேட்டு ஏலக்கூடத்தில் வெளிச்சம் போதுமான அளவு இருக்கவேண்டும். இறால் தடவும் பெண்களுக்குக் கையுறை கொடுத்தால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். விரலின் தொடு உணர்வை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. தடித்த கையுறை அதற்கு உதவாது. சேற்றில் நழுவாத, அடித்தட்டு கெட்டியான காலணி மட்டுமாவது கொடுத்தால் பாதங்கள் தப்பும். கையுறை, மீனைத் தரம் பிரிக்கிறவர்களுக்கும் ஆய்கிறவர்களுக்கும் பெரிதும் பயன்படும்.

மீனவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வலையில் வந்த கெளுத்தியின் முள்ளைக் குறட்டால் ஒடித்துப் போடுவது நம் வழக்கம். அந்த முள்ளை மணலில் எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்துப் புதைத்துவிட்டால் பிள்ளைகளின் கால்கள் பிழைக்கும். தேவையில்லாத குஞ்சு மீன்களைக் கரையில் கொட்டிக் காயவிடுவதையும் விட்டுவிடலாம். நீரில் திரும்ப விட்டால் அவை வளர்ந்து நமக்கே வரும். இந்த மீன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. முள்ளையும் குடலையும் நீக்கி, புளி கரைத்து, பூண்டு தட்டிப்போட்டு வைத்த கெளுத்திக் குழம்பு உண்டு வளர்ந்தவள் நான். யாரையும் தேடி வந்து தாக்காமல், மிதித்தாலோ பிடித்தாலோ மட்டுமே தன்னைக் காத்துக்கொள்ளும் மீன் அது. சாம்பலும் எண்ணெயும் சாக்கடையும் வந்து சேரும் அதே அடிச்சேற்றில் அது இன்னும் பிழைத்திருக்கிறது என்பதையும், அந்தச் சேறு மேலும் கெட்டால் இறாலோடும் நண்டோடும் சேர்ந்து அதுவும் போய்விடும் என்பதையும் அதிகாரிகள் மறக்கக்கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுக்க வீடு வீடாகச் செல்கிறார்கள். முள் குத்தினால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய அதே நோயாளிகளின் பெயர்ப்பட்டியல் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மீனவர் தெருக்களுக்குச் செல்லும்போது, காலில் முள் குத்தினால் அன்றைக்கே வந்து காட்டவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும்படி அவர்களுக்கு அறிவுறுத்தினால் பல கால்கள் காப்பாற்றப்படும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுத் தொழிலாளர்கள் காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டும் படகைச் சீர்செய்துகொண்டும் கரையிலேயே இருப்பார்கள். அவர்களுக்கான முதலுதவிப் பயிற்சியை அந்த நாட்களில் துறைமுகத்திலேயே நடத்தலாம். உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குத் தடைக்காலத்தாலும் ஓய்வு கிடைப்பதில்லை என்பதால், அவர்களுக்குரிய பயிற்சியை அவர்கள் குடியிருப்புக்கே சென்று, நீர் வற்றும் நேரமும் ஏறும் நேரமும் பார்த்து, அவர்கள் வீட்டில் இருக்கும் வேளையில் நடத்த வேண்டும். சுகாதார நிலையப் பதிவேடுகளில் ‘மீன் முள் நஞ்சு’ என்று தனியாக ஒரு பத்தி சேர்த்து, மீனின் பெயர், குத்திய இடம், வந்து சேர்ந்த நேரம், வெந்நீர் வைத்தார்களா இல்லையா என்பவற்றை எழுதிவரும்படி உத்தரவிடுவதை இந்த ஆண்டே தொடங்கலாம். அந்தப் படிவத்தைத் தயாரிப்பதற்கோ, செவிலியர்களுக்குச் செய்துகாட்டுவதற்கோ ஆள் தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் இன்றி வந்து செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
எண்ணூர், சென்னை.